மாரி ஓய்ந்தது: பட்டரியை மாற்றுமுன் வயரைப் பாருங்கள்

பெப்ரவரி பிறந்து மழை விடத் தொடங்கியதும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மோட்டார் சைக்கிள் கராஜ் வாசல்களில் ஒரே முறைப்பாடுதான். "காக்கா, செல்ஃப் வேல செய்யுதில்ல. பட்டரி போயிட்டு போல." சிலர் கராஜுக்கும் போகாமல் நேரே கடைக்குப் போய் புதுப் பட்டரி ஒன்றை வாங்கிப் பூட்டுகிறார்கள். இரண்டு கிழமை நன்றாக ஓடும். பிறகு பழையபடி "டிக், டிக்" சத்தம்.

காசைச் செலவழிக்குமுன் ஒரு மணி நேரத்தைச் செலவழிக்கலாம். மாரிக்குப் பிறகு வரும் மின் கோளாறுகளில் பல, பட்டரிக்கு உள்ளே இருப்பதில்லை. வயர் முனையிலும் ஏர்த் ஆணியிலும் கப்ளருக்குள்ளும்தான் இருக்கின்றன.

குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் மோட்டார் சைக்கிளை உறை போட்டு மூடி, சிறிய சார்ஜரில் மாட்டிவிட்டு வசந்தம் வரை காத்திருப்பார்கள். இங்கே அது நடக்காது. மாரியிலும் வயலுக்குப் போக வேண்டும், மீன் எடுக்கப் போக வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். நாவிதன்வெளிப் பக்கம் போகிறவர்கள் கிட்டங்கியிலும், அம்பாறைப் பக்கம் போகிறவர்கள் மாவடிப்பள்ளியிலும் வீதியின் மேல் ஓடும் வெள்ளத்தைக் கடந்தாக வேண்டியிருக்கிறது. அந்த வெள்ளம் எவ்வளவு பொல்லாதது என்பதை 2024 நவம்பர் 26ஆம் திகதி மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் மாவடிப்பள்ளியில் அடித்துச் செல்லப்பட்டபோது இந்தப் பிரதேசம் கண்ணீரோடு கண்டது. முழங்காலளவு வெள்ளத்தில் எந்த வண்டியையும் இறக்கவே கூடாது. ஆனால் கணுக்காலளவு தண்ணீரில் மெதுவாக உருட்டிப் போன வண்டிக்கும் வயற்சேறு வயரிங்குக்குள் போயிருக்கும். அதன் மேல் வாடைக்காற்று மூன்று மாதமாகக் கடலுப்பைக் கொண்டுவந்து தூவியிருக்கும்.

உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும் சாமான். வெயில் வந்து வண்டி காய்ந்துவிட்டதாகத் தெரிந்தாலும், கப்ளருக்குள் செம்பு முனையில் பச்சைக் களிம்பு ஏறிக்கொண்டே இருக்கும். அந்தக் களிம்பு என்ன செய்யும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். பட்டரி முனையில் களிம்பால் வெறும் 0.05 ஓம் தடை கூடியிருக்கிறது என்று வைப்போம். 35 வாட் ஹெட்லைட் இழுப்பது ஏறத்தாழ 3 அம்பியர். அப்போது அந்த இடத்தில் தொலைவது 0.15 வோல்ட்தான், கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் மோட்டார் 50 அம்பியர் இழுத்தால் தொலைவது 2.5 வோல்ட். லைட் பளிச்சென்று எரியும், ஹோர்ன் அடிக்கும், செல்ஃப் மட்டும் சுற்றாது. ரிலே "டிக்" என்று அடித்துவிட்டு நின்றுவிடும். "லைட் எரியுது, அப்ப வயர் சரி, பட்டரிதான் பிழை" என்று முடிவெடுப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே இந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு நேரத்தோடு, வண்டியை நிழலில் நிறுத்திச் சீற்றைக் கழற்றுங்கள். சாவியை நிறுத்திவிட்டு முதலில் பட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும், பிறகு பொசிட்டிவ். பூட்டும்போது பொசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இந்த ஒழுங்கை மாற்றினால் ஸ்பேனர் சேசியில் பட்டுத் தீப்பொறி பறக்கலாம். முனையில் வெள்ளையாகவோ நீலம் கலந்த பச்சையாகவோ தூள் படிந்திருந்தால் ஒரு கோப்பை சுடுதண்ணீரில் ஒரு கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள். நுரை வந்து அடங்கும். பட்டரி மூடி உள்ள வகையென்றால் அந்தக் கரைசல் ஒரு துளிகூட உள்ளே இறங்கக் கூடாது. நல்ல தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, இறுக்கிப் பூட்டி, மேலே மெல்லியதாக வாசலீன் பூசுங்கள்.

அடுத்தது பலரும் தொடாத இடம். நெகட்டிவ் வயர் போய் முடியும் ஏர்த் ஆணி, சேசியிலோ எஞ்சினிலோ இருக்கும். அதைக் கழற்றினால் வயரின் வளையத்துக்கு அடியில் துரு தெரியும். சேண்ட் பேப்பரால் உலோகம் மினுங்கும் வரை தேய்த்துப் பூட்டினாலே, மங்கிய ஹெட்லைட், சிக்னல் போட்டால் சேர்ந்து மினுங்கும் மீற்றர் லைட், நோஞ்சான் ஹோர்ன் எல்லாம் ஒரேயடியாகச் சரியாவதுண்டு.

இவ்வளவும் செய்த பிறகுதான் பட்டரியைச் சோதிப்பதில் அர்த்தம் இருக்கிறது. சாதாரண மல்டி மீற்றர் ஒன்று போதும், இல்லாவிட்டால் கராஜில் ஒரு நிமிடம் பார்த்துத் தருவார்கள். இரவு முழுக்க ஓய்ந்திருந்த 12 வோல்ட் பட்டரி, நன்றாக இருந்தால் 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால்வாசி சார்ஜ். 12.0 அல்லது அதற்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றிப் பார்க்க வேண்டும். பட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குதான் சார்ஜ் வேகம். 5 அம்பியர்-மணிப் பட்டரிக்கு அரை அம்பியர். கார்ப் பட்டரி சார்ஜரில் போட்டு ஒரு மணி நேரத்தில் எடுப்பது அதன் ஆயுளை அறுக்கும் வேலை. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், ஆகையால் பக்கத்தில் சிகரெட்டும் அடுப்பும் வேண்டாம்.

தண்ணீர் ஊற்றும் வகைப் பட்டரி என்றால் மேல்கோடு கீழ்க்கோடுகளுக்கு நடுவில் மட்டம் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் வடித்த நீர் மட்டுமே ஊற்றலாம். கிணற்றுத் தண்ணீர், அதுவும் கடலோரத்துக் கிணற்றுத் தண்ணீர், ஈயத்தகடுகளை நாசமாக்கும். அசிட்டும் ஊற்றக் கூடாது, ஏனென்றால் ஆவியாகிப் போனது தண்ணீர்தான்.

எஞ்சின் ஓடும்போதும் ஒரு அளவு எடுக்க வேண்டும். அக்சலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடிக்கையில் 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. 13ஐத் தாண்டவில்லை என்றால் ரெகுலேட்டர் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே கருகியோ பச்சை பிடித்தோ இருக்கும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பல்புகள் அடிக்கடி போவதும் பட்டரித் தண்ணீர் சட்டென்று இறங்குவதும் அதன் அறிகுறி. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டரி வயரைக் கழற்றி, நிற்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். அப்போது எகிறும் வோல்ட்டேஜ், எலெக்ட்ரொனிக் பெட்டியை எரித்துவிடும். எரிபொருளைப் பம்ப் மூலம் பீச்சும் புது மொடல்களில் அந்தப் பெட்டியின் விலை பட்டரியைவிடப் பன்மடங்கு. அந்த வண்டிகள் பட்டரி அடியோடு இறங்கினால் தள்ளினாலும் கிளம்பாது, பம்ப்புக்கே மின்சாரம் வேண்டும்.

மீன் வியாபாரிகளின் வண்டிகளுக்குத் தனியாக ஒரு சொல். ரெஜிபோம் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் உப்புத் தண்ணீர். அது சொட்டுவது நேரே பின்பக்க லைட்டின் வயர் மேல். பிரேக் லைட் எரியாமல் போவதும், அங்கே வயர்கள் ஒன்றோடொன்று பட்டு பியூஸ் அடிக்கடி போவதும் இதனால்தான். பெட்டிக்கு அடியில் ஒரு தகடு வைத்து, துளையிலிருந்து குழாய் ஒன்றைச் சக்கரத்துக்குப் பின்னால் இறக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மேலதிக லைட், அலாரம் என்று முறுக்கி இணைத்து டேப் சுற்றிய இடங்களையும் அவிழ்த்துப் பாருங்கள். டேப்புக்குள் ஈரம் தங்கும். ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்ட இணைப்புத்தான் கடலோரத்தில் நிற்கும்.

பியூஸ் போனால் அதே அம்பியர் பியூஸ்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் சொருகுவது, அடுத்த கோளாறில் முழு வயரிங்கையும் உருக்குவதற்குச் சமம். புதுப் பியூஸும் உடனே போனால் கையை எடுத்துவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

இதையெல்லாம் இப்போதே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஆகவே ஊரில் ஓடும் வண்டிகளில் கணிசமானவை பழையவை, வயரிங்கும் பழையது. மே மாதமளவில் கச்சான் காற்று சூட்டோடு வீசத் தொடங்கிவிடும். சூடு கூடக் கூட பட்டரி தானாக இறங்கும் வேகமும் கூடும், தண்ணீரும் விரைவில் வற்றும். அரைகுறைச் சார்ஜில் கிடக்கும் பட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிப் படிந்துவிட்டால் பிறகு எந்தச் சார்ஜரும் உதவாது.

சார்ஜ் ஏற்றி ஒரு இரவு வைத்த பிறகும் 12.4க்குக் கீழே இறங்கினால், அல்லது செல்ஃபை அழுத்தும்போது 9.5க்கும் கீழே விழுந்தால், அப்போது பட்டரி உண்மையிலேயே முடிந்துவிட்டது, மாற்றுங்கள். பழையதை ஆற்றோரத்தில் எறியாமல், வீட்டு முற்றத்தில் உடைக்காமல், வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். ஈயத்துக்கு விலை உண்டு, புதியதன் விலையில் கழித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.