கோடிட்டால் போதுமா? - பி.டி.எஃப். நூல்களிலிருந்து குறிப்பெடுக்கும் முறை



முன்பு நாம் புத்தகம் வாசிக்கும்போது கையில் ஒரு பென்சில் இருக்கும். பிடித்த வரியின் கீழ் கோடு போடுவோம், ஓரத்தில் ஒரு சொல் எழுதி வைப்போம். இன்று பிள்ளைகளின் பல்கலைக்கழகப் பாடங்களும், நாம் தேடிப் படிக்கும் பழைய தமிழ் நூல்களும் பெரும்பாலும் பி.டி.எஃப். கோப்புகளாகவே கைக்கு வருகின்றன. பென்சிலுக்குப் பதிலாக விரலால் மஞ்சள் கோடு இடுகிறோம். அந்தக் கோடுகள் எங்கே போய்ச் சேருகின்றன, அவற்றை ஒரு குறிப்பேட்டுக்கு எவ்வாறு கொண்டு வருவது என்பதே இந்த இதழின் பாடம்.

ஓர் அனுபவம்

எமது சங்கத்தின் வாசிப்பு வட்டத்தில் மூத்த அங்கத்தவர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். தமது ஊரின் பழைய பள்ளிக்கூடங்களைப் பற்றி ஆலய ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அதற்காகப் பழைய மலர்களையும் ஊர் வரலாறுகளையும் தமது டப்லெட்டில் இறக்கி, மூன்று ஆண்டுகளாக வாசித்துக் கோடிட்டு வந்தார். எழுதத் தொடங்குவதற்கு முன்பே இறைபதம் அடைந்துவிட்டார்.

முப்பத்தொன்று முடிந்த பின் அவருடைய மகன் அந்த டப்லெட்டை எம்மிடம் கொண்டு வந்தார். "அப்பா இதிலே ஏதோ சேர்த்துக்கொண்டிருந்தவர். மலருக்குப் பயன்படுமோ என்று பாருங்கோ" என்றார். நாம் அந்தக் கோப்புகளைச் சங்கத்தின் கணினிக்கு மாற்றித் திறந்தோம். நூல்கள் இருந்தன, ஆனால் ஒரு கோடும் இல்லை. டப்லெட்டில் மஞ்சளாகத் தெரிந்தவை கணினியில் வெறும் வெள்ளைப் பக்கங்களாக நின்றன.

பின்னர் பல வெள்ளிக்கிழமைகள், மாலைப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் அமர்ந்து, ஒருவர் டப்லெட்டைப் பார்த்து வாசிக்க இன்னொருவர் தட்டச்சுச் செய்தோம். வரிகள் எல்லாம் வந்தன. ஆனால் அவற்றை அவர் ஏன் தெரிந்தெடுத்தார் என்பது எமக்குப் புரியவில்லை. ஒரேயோர் இடத்தில் மட்டும், ஒரு பள்ளிக்கூடத்தின் பெயருக்குப் பக்கத்தில், "இது அம்மா படித்த பள்ளிக்கூடம்" என்று எழுதியிருந்தார். அந்தக் குறிப்பைத்தான் அவருடைய பேரப்பிள்ளைகள் அச்சிட்டு வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

இந்த அனுபவத்திலிருந்து நாம் கற்றுக்கொண்டதைக் கீழே தருகிறோம்.

கோடு எங்கே இருக்கிறது?

பி.டி.எஃப். என்ற கோப்பு வகையை அடோபி நிறுவனம் 1993 ஆம் ஆண்டு வெளியிட்டது. 2008 ஆம் ஆண்டு அது ஐ.எஸ்.ஓ. 32000 என்ற சர்வதேசத் தரமாயிற்று. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அடித்தாலும் பக்கம் ஒரே மாதிரித் தோன்ற வேண்டும் என்பதே இதன் நோக்கம். எனவே இந்தக் கோப்பு, எந்த எழுத்து வடிவம் பக்கத்தின் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதையே முதன்மையாகப் பதிந்து வைக்கிறது. சொல், வாக்கியம் என்ற ஒழுங்கு அதற்கு இரண்டாம் பட்சம்.

நாம் இடும் மஞ்சள் கோடும் அப்படித்தான். "இந்தப் பக்கத்தில், இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை, இந்த நிறம்" என்ற அளவுகளே பதியப்படுகின்றன. கோட்டுக்கு அடியில் உள்ள சொற்கள் பெரும்பாலும் கோட்டுடன் சேமிக்கப்படுவதில்லை. ஆகவே கோடுகளை வெளியே எடுக்கும் செயலி, அந்த அளவுகளுக்குள் நிற்கும் எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்துத்தான் வாக்கியமாக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில செயலிகள் கோட்டைக் கோப்புக்குள்ளேயே எழுதுகின்றன. சில செயலிகள் தமது சொந்தச் சேமிப்பில் மட்டும் வைத்துக்கொள்கின்றன. எமது ஆசிரியரின் கோடுகள் காணாமற் போனதற்கு இதுவே காரணம்.

உங்கள் செயலி எந்த வகை என்பதை அறிய எளிய சோதனை உண்டு. ஒரு வரியில் கோடிடுங்கள். அந்தக் கோப்பை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்புங்கள். வேறொரு கணினியில் அடோபி ரீடரில் திறந்து பாருங்கள். கோடு தெரிந்தால் அது கோப்புக்குள் இருக்கிறது. தெரியாவிட்டால் அந்தச் செயலிக்குள் மட்டுமே இருக்கிறது. இந்தச் சோதனையை இன்றே செய்து பார்ப்பது நல்லது.

தமிழ்க் கோப்புகளில் வரும் மூன்று சிக்கல்கள்

ஆங்கில நூல் என்றால் கோடிட்ட வரி பெரும்பாலும் ஒழுங்காக வந்துவிடும். தமிழில் அப்படியல்ல.

முதலாவது, பழைய எழுத்துருக்கள். யூனிகோட் பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களால் ஏராளமான மலர்களும் சஞ்சிகைகளும் தயாரிக்கப்பட்டன. இவற்றில் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடத்தில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருந்தன. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். கண்ணுக்குத் தமிழ் தெரியும், பிரதி எடுத்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். பயப்பட வேண்டாம், எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த எழுத்துரு என்று தெரிவுசெய்து கொடுத்தால் அவை யூனிகோட் தமிழாக மாற்றித் தரும்.

இரண்டாவது, கொம்புகளின் இடம். கெ, கே, கை, கொ, கோ ஆகியவற்றில் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் வரையப்படுகிறது. யூனிகோட்டில் மெய் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் பதியப்படும். பி.டி.எஃப். கோப்போ கண்ணுக்குத் தெரியும் வரிசையைப் பின்பற்றுவதால், சில கோப்புகளிலிருந்து "கோயில்" என்ற சொல் "ேகாயில்" என்று வெளிவரும். பார்ப்பதற்குச் சிறு பிழை போலத் தோன்றும். ஆனால் பின்னொரு நாள் உங்கள் குறிப்பேட்டில் "கோயில்" என்று தேடினால் அந்தக் குறிப்பு அகப்படாது. எனவே வெளியே எடுத்த உடனேயே மூலத்துடன் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

மூன்றாவது, படமாக உள்ள பக்கங்கள். 1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தட்டச்சுச் செய்த நூல்களை வெளியிடுகிறது. அவற்றில் யூனிகோட் கோப்புகளைத் தெரிவுசெய்தால் பிரதி எடுப்பது இலகு. 2005 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் மலர்களும் பெருந்தொகையாக உள்ளன. ஆனால் அவற்றில் மிகுதியானவை ஒளிவருடிய பக்கங்கள், அதாவது பக்கத்தின் படங்கள். படத்தில் எழுத்தைத் தெரிவுசெய்ய முடியாது.

அத்தகைய பக்கங்களுக்கு எழுத்துணரி தேவை. கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றிக் கூகுள் டாக்ஸில் திறந்தால், அது தமிழ் எழுத்துகளை அடையாளங்கண்டு தரும். டெசராக்ட் என்ற இலவச மென்பொருளும் தமிழை அறியும். ஆனால் "ர" வும் கால் குறியும் ஒன்றுபோல இருப்பதால் இவை இடம் மாறும். பழைய அச்சில் வரும் லை, னை, றா, னா போன்றவற்றின் பழைய வடிவங்களிலும் எழுத்துணரி தடுமாறலாம். ஆண்டுகளையும் பெயர்களையும் கண்ணால் சரிபார்க்காமல் ஒருபோதும் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

செய்முறை

செயலிகள் பல உண்டு. நாம் வட்டத்தில் பயன்படுத்துவது ஸோட்டேரோ. இது இலவசமானது. மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் நூல்விவரம் சேர்ப்பதற்காக 2006 ஆம் ஆண்டு வெளிவந்தது. 2022 ஆம் ஆண்டு வந்த ஆறாம் பதிப்பு முதல் பி.டி.எஃப். வாசித்துக் கோடிடும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது.

1. கணினியில் ஸோட்டேரோவை நிறுவி, பி.டி.எஃப். கோப்பை அதற்குள் இழுத்து விடுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றை உடனே நிரப்புங்கள். "பிறகு செய்யலாம்" என்று விட்டால் அது நடவாது.

2. கோப்பைத் திறந்து வாசியுங்கள். வேண்டிய வரியைத் தெரிவுசெய்து நிறம் கொடுங்கள். படமாக உள்ள பக்கமானால், பெட்டி வரையும் கருவியால் அந்தப் பகுதியைச் சுற்றிப் பெட்டி இடுங்கள். அது படமாகவே குறிப்புக்குள் வரும்.

3. ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் சிறு கருத்து எழுத இடமுண்டு. அங்கே ஒரு வரியாவது எழுதுங்கள்.

4. வாசித்து முடிந்ததும் பட்டியலில் நூலின் பெயர் மீது வலப்புறச் சொடுக்குச் செய்து, "அட் நோட் ஃப்ரம் அனொட்டேஷன்ஸ்" என்ற கட்டளையைத் தெரிவுசெய்யுங்கள். எல்லாக் கோடுகளும் உங்கள் கருத்துகளும் பக்க எண்களுடன் ஒரே குறிப்பாக வந்துவிடும். பக்க எண்ணைச் சொடுக்கினால் மூலப் பக்கத்திற்கே திரும்பலாம்.

5. அந்தக் குறிப்பை மார்க்டவுன் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். இது சாதாரண எழுத்துக் கோப்பு. ஒப்சிடியன், ஜோப்ளின் போன்ற குறிப்பேட்டுச் செயலிகளில் சேர்க்கலாம். எந்தச் செயலியும் இல்லாவிட்டாலும் திறந்து வாசிக்கலாம்.

6. ஸோட்டேரோவும் கோடுகளைத் தன் சேமிப்பிலேயே வைக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கோடுகளுடன் நூலை மற்றொருவருக்குக் கொடுக்க விரும்பினால், அதன் ஏற்றுமதிக் கட்டளையால் பி.டி.எஃப். கோப்பை வெளியே எடுத்துக் கொடுங்கள்.

பக்க எண் பற்றி ஓர் எச்சரிக்கை. முன்னுரைப் பக்கங்களும் அட்டையும் சேர்வதால், திரையில் 27 என்று காட்டும் பக்கம் அச்சில் 15 ஆக இருக்கலாம். அச்சுப் பக்க எண்ணையே குறித்துக்கொள்ளுங்கள்.

கோடு மட்டும் கல்வியாகாது

2013 ஆம் ஆண்டு ஜோன் டன்லொஸ்கி என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய சகபாடிகளும் மாணவர்களின் பத்துப் படிப்பு முறைகளை மதிப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கோடிடுதல் பயன் குறைந்த முறைகளின் வரிசையில் வைக்கப்பட்டது. தம்மைத் தாமே கேள்வி கேட்டுச் சோதிப்பதும், இடைவெளி விட்டு மீண்டும் படிப்பதும் அதிக பயன் தருவன என்று காட்டப்பட்டன. ஆகவே நூறு கோடுகளை ஒரே சொடுக்கில் குறிப்பேட்டில் கொட்டிவிட்டுப் படித்துவிட்டோம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பக்கத்துக்கு ஒரு கோடு என்று அளவு வைத்துக்கொள்வது நல்லது.

எமது வட்டத்தில் ஒவ்வொரு குறிப்புக்கும் நான்கு பகுதிகள் வைத்திருக்கிறோம்: நூல் சொன்னது, அது உள்ள இடம், ஏன் எடுத்தோம், எழும் கேள்வி. ஞாயிறு தமிழ் வகுப்பில் சி.வை. தாமோதரம்பிள்ளையைப் பற்றிப் பேச்சுத் தயாரிக்கும் ஒரு பிள்ளையின் குறிப்பு இப்படி அமையலாம்:

நூல் சொன்னது: அவர் 1887 ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்தார்.
இடம்: நூலின் பெயர், ஆசிரியர், அச்சுப் பக்க எண்.
ஏன் எடுத்தேன்: உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் அதே 1887 இல் வந்தது. இருவரும் ஒரே காலத்தில் ஏடுகளைத் தேடி உழைத்திருக்கிறார்கள்.
கேள்வி: கலித்தொகை ஏடுகள் அவருக்கு எங்கிருந்து கிடைத்தன?

முதற் பகுதி நூலாசிரியருடையது, மூன்றாம் பகுதி எம்முடையது. இரண்டையும் கலந்து எழுதினால், சில மாதங்களுக்குப் பின் எது எவருடைய கருத்து என்று எமக்கே தெரியாமற் போகும். நான்காம் பகுதியே அடுத்த வாசிப்புக்கு வழி காட்டும். ஒரு வாரம் கழித்து, குறிப்பைப் பார்க்காமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்லிப் பார்த்தால் அதுவே நல்ல பரீட்சை.

பயிற்சி

இந்த மாதம் ஒவ்வொரு குடும்பமும் இதைச் செய்து பார்க்கலாம். வீட்டில் உள்ள ஒரு பி.டி.எஃப். நூலைத் தெரிவுசெய்யுங்கள். பத்துப் பக்கம் வாசித்து ஐந்து கோடு மட்டும் இடுங்கள். அவற்றை வெளியே எடுத்து, தமிழ் எழுத்துகளைத் திருத்தி, நான்கு பகுதிகளையும் நிரப்புங்கள். அந்தக் கோப்பின் ஒரு பிரதியை வீட்டில் இன்னொருவரின் கணினியிலும் வையுங்கள். பெரியவர்களுக்குத் தட்டச்சு கடினமானால் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து உதவலாம். "இந்த வரியை ஏன் எடுத்தீர்கள், அப்பப்பா?" என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எமது ஆசிரியரிடம் அந்தக் கேள்வியை நாம் நேரத்தோடு கேட்கவில்லை என்பது இன்றும் எமக்கு மனக்குறையே.

செய்து பார்க்கையில் சிக்கல் ஏற்பட்டால் கோப்பை எடுத்துக்கொண்டு வாசிப்பு வட்டத்திற்கு வாருங்கள். சேர்ந்திருந்து தீர்த்துக்கொள்வோம்.