சுட்டெண் இறங்கியது, சாவு ஏன் இறங்கவில்லை?

பத்தாங் காலி பட்டணத்திலிருந்து கெந்திங் மலைக்கு ஏறும் சாலை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த மலையின் மறுபக்கம், கெந்திங்கிலிருந்து கோலாலம்பூருக்கு இறங்கும் சாலையில், 2013 ஆகஸ்டு 21-ஆம் தேதி ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தனர். நாட்டின் மிக மோசமான சாலை விபத்து அது. 2025 ஜூன் 9-ஆம் தேதி கிரிக் அருகே இன்னொரு பேருந்து கவிழ்ந்தது. இறந்த 15 பேரும் பல்கலைக்கழக மாணவர்கள். திரெங்கானுவிலிருந்து அவர்கள் திரும்பிக்கொண்டிருந்தது, நமக்கு வடக்கே தஞ்சோங் மாலிமில் இருக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கு.

இரண்டு விபத்துகளையும் பற்றி நாடே பேசியது. இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 2013-ஆம் ஆண்டு முழுவதும் மலேசியச் சாலைகளில் இறந்தவர்கள் 6,915 பேர். அதை 365-ஆல் வகுங்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 19 பேர். கெந்திங்கில் ஒரே நேரத்தில் போன 37 உயிர்கள், சாதாரணமாக இரண்டு நாளில் போகிற உயிர்கள்தான். மற்ற நாள்களில் இறந்தவர்கள் ஒருவர், இருவராக இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். பத்திரிகையில் அவர்களுக்கு நான்கு வரி கிடைத்திருந்தால் அதிகம்.

ஆகவே, நிலைமை முன்னேறுகிறதா, மோசமாகிறதா என்று அறிய பெரிய விபத்துகளை மட்டும் எண்ணினால் போதாது. ஆண்டுக் கணக்கைப் பார்க்கவேண்டும். அங்கேதான் ஒரு சிக்கல் காத்திருக்கிறது.

1997-இல் சாலையில் இறந்தவர்கள் 6,302 பேர். 2010-இல் 6,872. 2016-இல் 7,152. விபத்து நடந்து 30 நாள்களுக்குள் இறந்தவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. ஆனால், இதே ஆண்டுகளைப் பற்றிய அறிக்கைகளில் "மரணச் சுட்டெண் தொடர்ந்து இறங்குகிறது" என்ற வாசகத்தையும் காணலாம். அதுவும் பொய்யில்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

தமிழ்ப்பள்ளியில் படித்த பின்னத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தொகுதி எண், கீழே பகுதி எண். சுட்டெண் என்பது இறந்தவர் எண்ணிக்கையை மேலே வைத்து, பதிவுபெற்ற வாகனங்களின் எண்ணிக்கையைக் கீழே வைத்து, 10,000 வாகனங்களுக்கு எத்தனை மரணம் என்று சொல்வது. இடைநிலைப்பள்ளிக் கணிதத்தில் 'காடார்' என்று மலாயில் படிக்கிறீர்களே, அந்த வீதம்தான் இது. 1997-இல் நாட்டில் சுமார் 85 லட்சம் வாகனங்கள் இருந்தன. 2016-இல் அது 2 கோடியே 76 லட்சம். நீங்களே வகுத்துப் பாருங்கள். 1997-இல் 7.37 வரும். 2016-இல் 2.59 வரும். மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது! ஆனால் அதே காலத்தில் ஓராண்டில் இறப்பவர்கள் 850 பேர் கூடியிருக்கிறார்கள். மேலே இருந்த எண் கொஞ்சம் வளர்ந்தது, கீழே இருந்த எண் மூன்று மடங்குக்கு மேல் வளர்ந்தது. அவ்வளவுதான் மர்மம்.

கீழே மக்கள்தொகையை வைத்தால் கதை வேறு. 1 லட்சம் பேருக்கு எத்தனை மரணம் என்று பார்த்தால் 1997-இல் 29, 2010-இல் 23.8, 2016-இல் 22.6. இறங்கியிருக்கிறது, ஆனால் மெதுவாக. ஒரு நோயைப் பற்றி மருத்துவர்கள் பேசும்போது பயன்படுத்துவது இந்த அளவுகோலைத்தான். காசநோய்க்கும் டெங்கிக்கும் மக்களால் வகுக்கும் நாம், சாலை மரணத்துக்கு மட்டும் வாகனத்தால் வகுத்துச் சந்தோஷப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இறப்பது வாகனங்கள் அல்லவே.

வாகனத்தால் வகுப்பதில் இன்னொரு குறையும் உண்டு. பழைய இரும்புக் கடைக்குப் போன மோட்டார் சைக்கிளின் பதிவை எல்லாரும் போய் ரத்து செய்வதில்லை. தோட்டத்து வீடுகளின் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகளில் பல இன்னும் ஏட்டில் உயிரோடு இருக்கின்றன. பதிவுபெற்ற வாகனங்களின் எண்ணிக்கை இன்று நாட்டின் மக்கள்தொகையையே தாண்டிவிட்டது. ஓடாத வண்டியும் பகுதி எண்ணில் சேர்ந்து சுட்டெண்ணை இறக்குகிறது.

இதைவிட சுவாரசியமான செய்தி ஒன்று இருக்கிறது. ஆர். ஜே. ஸ்மீட் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர், 1938-ஆம் ஆண்டில் 20 நாடுகளில் நடந்த சாலை மரணங்களை ஆராய்ந்து 1949-இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். மக்கள்தொகையை வர்க்கப்படுத்துங்கள். அதை வாகன எண்ணிக்கையால் பெருக்குங்கள். வரும் விடைக்குக் கனமூலம் எடுத்து, 0.0003-ஆல் பெருக்குங்கள். ஓராண்டில் எத்தனை பேர் இறப்பார்கள் என்பதற்கு ஓர் உத்தேச விடை கிடைக்கும். கைப்பேசியிலுள்ள கணிப்பானே போதும். மலேசியாவுக்கு நான் போட்டுப் பார்த்தேன். 1997-க்கு சுமார் 4,770 வருகிறது. உண்மையில் இறந்தவர்கள் 6,302. 2010-க்கு சுமார் 7,690 வருகிறது, உண்மை 6,872. 2016-க்கு சுமார் 9,080, உண்மை 7,152.

சீட்பெல்ட்டும் காற்றுப்பையும் வழக்கத்துக்கு வராத காலத்தின் சூத்திரம் இவ்வளவு அருகில் வருவதே ஆச்சரியம்தான். ஆனால் கவனிக்கவேண்டியது அதுவல்ல. வாகனம் பெருகும் வேகத்தில் மரணம் பெருகாது என்று இந்தச் சூத்திரம் சொல்கிறது. வீட்டில் மூன்றாவது வண்டி வாங்கினாலும் ஓட்டுபவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஓட்டமுடியும். வண்டி கூடினால் நெரிசல் கூடி வேகம் குறைகிறது. சாலையும் மருத்துவமனையும் மேம்படுகின்றன. நடந்தும் சைக்கிளிலும் போனவர்கள் காருக்குள் ஏறிவிடுகிறார்கள். ஆகவே ஒரு நாட்டில் ஆளுக்கு இத்தனை வண்டி என்ற கணக்கு ஏற ஏற, 10,000 வாகனங்களுக்கான சுட்டெண் தன்னாலேயே இறங்கும். ஸ்மீட் சூத்திரத்தின்படி 1997-க்கும் 2016-க்கும் இடையில் நம் சுட்டெண் 41 விழுக்காடு இறங்கியிருக்கவேண்டும். உண்மையில் இறங்கியது 65 விழுக்காடு.

இதிலிருந்து நான் புரிந்துகொள்வது இதுதான்: சட்டத்தாலும் பொறியியலாலும் மருத்துவத்தாலும் நாம் சாதித்தது கொஞ்சம் உண்டு, அதை மறுக்கக்கூடாது. ஆனால் சுட்டெண் காட்டும் இறக்கத்தில் பெரும்பகுதி, கடைகளில் வண்டி விற்றதால் வந்தது.

ஸ்மீட் சூத்திரத்தை விதி என்று எண்ணி யாரும் கைகட்டி உட்கார்ந்துவிட வேண்டாம். அவருடைய பிரிட்டனுக்கே 2019-ஆம் ஆண்டுக் கணக்கைப் போட்டால் 16,000-க்கு மேல் வரும். அங்கே உண்மையில் இறந்தவர்கள் சுமார் 1,750 பேர். சூத்திரத்தில் பத்தில் ஒரு பங்குதான்!

அடுத்து, எண்களைப் படிக்கும்போது எச்சரிக்கையாக இருக்கவேண்டிய ஓர் ஆண்டு 2020. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, போக்கு இப்படியே போனால் 2020-இல் 10,000-க்கும் மேற்பட்டோர் இறப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கணித்திருந்தார்கள். அந்தக் கணிப்பில் பாதியாகக் குறைப்பதே 2014 முதல் 2020 வரையிலான தேசிய சாலைப் பாதுகாப்புத் திட்டத்தின் இலக்கு. நன்றாகக் கவனியுங்கள்: இருக்கும் எண்ணிக்கையில் பாதி அல்ல, வரப்போவதாகக் கணித்த எண்ணிக்கையில் பாதி. 2020-இல் இறந்தவர்கள் 4,634 பேர். இலக்கு எட்டப்பட்டுவிட்டது!

ஆனால் அந்த ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்ததை நாம் மறக்கவில்லை. சாலையே காலியாகக் கிடந்தது. மக்கள் குறையவில்லை, வாகனங்கள் குறையவில்லை. குறைந்தது ஓடிய தூரம். மூன்றாவதாக ஓர் அளவுகோல் ஏன் தேவை என்பது இங்கே புரியும். எல்லா வாகனங்களும் சேர்ந்து ஓடிய 100 கோடி கிலோமீட்டருக்கு எத்தனை மரணம் என்று கணக்கிடுவது அது. ஆபத்துக்கு நாம் எவ்வளவு நேரம் முகம் கொடுக்கிறோம் என்பதை ஓரளவு காட்டக்கூடியது அதுதான். சாலைகள் மீண்டும் திறந்ததும் என்ன நடந்தது? 2022-இல் 6,080 பேர். கிருமிக்கு முந்திய 2019-இல் இருந்த 6,167-க்கு ஏறக்குறையத் திரும்பிவிட்டோம்.

சரி, யார் இறக்கிறார்கள்? மலேசியாவில் பத்தில் ஆறு பேர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். உலக அளவில், இரண்டு, மூன்று சக்கர வாகனத்தில் போய் இறப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான். ரவாங்கிலிருந்து செரண்டா, பத்தாங் காலி, ராசா வழியாகப் போகும் பழைய கூட்டரசுச் சாலையை நினைத்துப் பாருங்கள். ஒரே சாலையில் லோரி, விரைவுக் கார், வேலைக்குப் போகும் கப்சாய், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கம் போனால் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னாலேயே மோட்டார் சைக்கிள்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். முந்திப் போக நினைக்கும் அந்த ஒரு கணத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

மோதலில் உடம்பு தாங்கவேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. இதை உயரமாக மாற்றிப் பார்த்தால் எளிதில் புரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரு சுவரில் மோதுவது, 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மறுநடவுக்குக் காத்திருக்கும் முதிர்ந்த செம்பனையின் உச்சியை அண்ணாந்து பாருங்கள், கிட்டத்தட்ட அந்த உயரம். 80 கிலோமீட்டர் என்றால் 25 மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, உயரமோ ஏறக்குறைய இரண்டு மரம்.

ஹெல்மெட் என்ன செய்கிறது? மேலோடு உறுதியானது என்பதால்தான் அது காப்பாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் வெள்ளை நுரை. தொலைக்காட்சிப் பெட்டியோடு அட்டைக்குள் வருமே, அதே வகைதான். வெறுந்தலை தாரில் மோதினால் சில மில்லிமீட்டருக்குள் நின்றாகவேண்டும். நுரை நசுங்கி இடம் கொடுத்தால் அந்தத் தூரம் இரண்டு, மூன்று செண்டிமீட்டராகிறது. ஆற்றல் அதேதான், நிற்கும் தூரம் பத்து மடங்கானால் தலையில் இறங்கும் விசை பத்தில் ஒன்றாகிறது. ஹெல்மெட் மரண ஆபத்தைச் சுமார் 42 விழுக்காடும், தலைக்காயத்தைச் சுமார் 69 விழுக்காடும் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நசுங்கிய நுரை மீண்டும் எழும்பாது. ஆகவே ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே பளபளப்பாக இருந்தாலும், தூக்கிப் போடவேண்டும். வாரை மாட்டாமல் தலையில் வைத்துக்கொண்டு போவது தொப்பி போட்டதற்குச் சமம். முதல் மோதலிலேயே கழன்றுவிடும், அப்போது 42-ஆவது, 69-ஆவது.

ஹெல்மெட் சட்டம் 1973-இலேயே வந்துவிட்டது. 1992 செப்டம்பரில், மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிடவேண்டும் என்ற சட்டம் வந்தது. வெயிலில் விளக்கு எதற்கு என்று நீங்கள் கேட்பதுபோல் அன்றும் கேட்டார்கள். ராடின் உமார் என்ற மலேசியப் பேராசிரியரும் மற்றவர்களும் சிரம்பான், ஷா ஆலம் விபத்துகளை எடுத்து ஆராய்ந்தார்கள். எல்லா விபத்துகளையும் எடுத்துக்கொள்ளாமல், எதிரே வருபவர் கண்ணில் மோட்டார் சைக்கிள் படாததால் நேர்ந்திருக்கக்கூடிய பகல் விபத்துகளை மட்டும் பிரித்தெடுத்தார்கள். அவை சுமார் 29 விழுக்காடு குறைந்திருந்தன. செலவு, ஒரு பல்பு. கீழே எதை வைப்பது என்பதைப் போலவே, மேலே எதை எண்ணுவது என்பதும் ஆராய்ச்சியில் முக்கியம் என்பதற்கு இது நல்ல பாடம்.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களில் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே தனித் தடம் போட்டார்கள். உலகில் இதுபோன்ற முயற்சிகளில் முதன்மையானது. தடம் நீட்டிக்கப்பட்ட பகுதியில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. லோரியையும் கப்சாயையும் பிரித்துவிட்டால் மோத ஆளில்லை. நம் பழைய சாலையில் அப்படிப்பட்ட தடம் இல்லை, சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் ஒடுங்கிய விளிம்புதான் இருக்கிறது.

இந்த வாரப் பயிற்சி. பெரியவர் ஒருவரோடு கடைத்தெருவின் ஐந்தடியில், சாலையைவிட்டு விலகி நில்லுங்கள். 15 நிமிடம் கடந்துபோகும் மோட்டார் சைக்கிள்களை எண்ணுங்கள். ஓட்டுபவர், பின்னால் உட்கார்ந்திருப்பவர் இருவரையும் தனித்தனியாகக் குறியுங்கள்: ஹெல்மெட் இருக்கிறதா, வார் மாட்டியிருக்கிறதா, முன்விளக்கு எரிகிறதா. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை செய்யுங்கள். வண்டி எண்ணையோ ஆளின் பெயரையோ எழுதவேண்டாம்.

அதோடு இந்தக் கேள்விக்கும் விடை தேடுங்கள். தோட்டச் சாலையில் கடந்துபோன 10 பேரில் 6 பேர் வார் மாட்டவில்லை. பட்டணச் சாலையில் 120 பேரில் 30 பேர் மாட்டவில்லை. ஒரே ஒரு போலீஸ்காரரைத்தான் அனுப்பமுடியும் என்றால் எந்தச் சாலைக்கு அனுப்புவீர்கள்? விடையை எழுதும்போது, நீங்கள் எதை எதால் வகுத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.