வழிகாட்டும் கருவி

இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்குச் செல்லும் மலைப்பாதை 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. கோடைக்காலத்தில் மோட்டார் சைக்கிளில் இவ்வழியே செல்வோர் பலர். பாதையின் பல பகுதிகளில் கைப்பேசித் தொடர்பு கிடைப்பதில்லை. ஆகவே, பலர் வண்டியின் கைப்பிடியில் ஜி.பி.எஸ். கருவியைப் பொருத்திக்கொள்கின்றனர்.

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் புவியைச் சுற்றும் செயற்கைக்கோள்கள் இடைவிடாது வானொலி அலைகளை அனுப்புகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலைகளைப் பெற்று, கருவி தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. வானிலிருந்து அலைகள் தவறாமல் வந்தாலும், பெறும் கருவி பழுதுபட்டால் பயனில்லை.

காரில் இக்கருவி கூரையின் கீழ் பாதுகாப்பாக இருக்கும். மோட்டார் சைக்கிளிலோ அது பல இடர்களைத் தாங்கவேண்டும். முதலாவது அதிர்வு. எஞ்சினின் அதிர்வும் சாலையின் குலுக்கலும் மின்னிணைப்புகளைத் தளர்த்துகின்றன. ஆற்றல்மிகு எஞ்சினின் அதிர்வு ஐபோனின் கேமராவைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021ஆம் ஆண்டில் எச்சரித்தது.

அடுத்தவை நீரும் தூசியும். கருவியின் மீது ‘ஐ.பி. 67’ என்று குறிக்கப்பட்டிருக்கலாம். இதில் 6 என்பது தூசி உட்புகாது என்பதைக் குறிக்கும். 7 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் கெடாது என்பதைக் குறிக்கும். ஆனால், வண்டியைக் கழுவும்போது விசையுடன் பீய்ச்சும் நீருக்கு இவ்வெண் உறுதி தராது. நாளடைவில் இரப்பர் மூடி தேய்ந்தால் நீர் உட்புகும். மேலும், கடுங்குளிரில் மின்கலம் விரைவில் ஆற்றல் இழக்கும். கடும் வெயிலில் கருவி சூடேறி நின்றுவிடவும் கூடும்.

எனவே, முன்யோசனையுள்ள ஓட்டுநர் அதிர்வைக் குறைக்கும் பொருத்தியைப் பயன்படுத்துவார். புறப்படுமுன் மூடியையும் மின்கம்பியையும் சரிபார்ப்பார். கேலாங், சர்ச்சு, பாங் என வழியிலுள்ள ஊர்களின் பெயர்களை ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்வார். கருவி அணைந்தாலும் அந்தத் தாள் அணையாது. வழியில் எதிர்ப்படுவோரிடம் ஊர்ப்பெயரைச் சொல்லி வழி கேட்கவும் அது உதவும்.

சொற்பொருள்
இடர் – துன்பம்
அதிர்வு – நடுக்கம்
மின்கலம் – பேட்டரி
பொருத்தி – கருவியைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு

பயிற்சி
1. ‘ஐ.பி. 67’ என்பதிலுள்ள எண்கள் எவற்றைக் குறிக்கின்றன?
2. காரைவிட மோட்டார் சைக்கிளில் கருவி விரைவில் பழுதடைவது ஏன்?
3. பிரித்து எழுதுக: மலைப்பாதை, மின்னிணைப்பு, இவ்வெண்.
4. உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை, கருவியின் துணையின்றி ஐந்து தொடர்களில் எழுதுக.