விந்து வெளியேறினால் ஆண்மை குறையுமா?

சுய இன்பத்தால் உடம்பு கெட்டுவிட்டது என்று பயந்து போலி வைத்தியர்களிடம் பணத்தை இழக்கும் இளைஞர்கள் ஏராளம். அவர்களுக்கான உண்மைகள் இவை:

● ரத்தம் விந்தாக மாறுவதில்லை. விரைகளில் விந்தணுக்கள் தினமும் உற்பத்தியாகின்றன. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 70 நாட்கள் ஆகும்.

● உடலுறவோ சுய இன்பமோ டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனை நிரந்தரமாகக் குறைப்பதில்லை. தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் இயல்பே.

● ஹார்மோனை உண்மையில் குறைப்பவை: தூக்கமின்மை, தொப்பை, மிதமிஞ்சிய மது, கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய்.

● உடம்பை ஏற்ற ஸ்டீராய்டு, டெஸ்டோஸ்டிரோன் ஊசிகளை நீங்களாகப் போடாதீர்கள். விந்தணு உற்பத்தியே நின்றுபோகலாம்.

● விறைப்புத்தன்மைக் குறைபாடு தொடர்ந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். இதய நோயின் முன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

● டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனைக்குக் காலை வேளையே சரி. அளவு குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையிலும் பாருங்கள். விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாட்கள் இடைவெளி தேவை.

● புதிய உறவில் ஆணுறை அவசியம்.

சுய இன்பப் பழக்கம் கட்டுக்குள் இல்லாமல் வேலையையோ படிப்பையோ கெடுத்தால், கூச்சப்படாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். மற்ற சந்தேகங்களுக்குச் சிறுநீரியல் மருத்துவர் (யூராலஜிஸ்ட்) வழிகாட்டுவார்.