உயிரணுவினுள் கால்சியம் புகும் வாயில்

எலும்புக்கு உறுதி தருவது கால்சியம் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின் உயிரணுவின் உள்நீர்மத்தில் அது மிகுந்து நிலைபெறின், அவ்வுயிரணு மடியும். வெளியேயுள்ள நீர்மத்தில் கால்சியம் அயனிகளின் செறிவு உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மிகுதி. ஆகவே அவை உள்ளே பாய எப்பொழுதும் முனைகின்றன. புறச்சவ்வு அவற்றைத் தடுக்கிறது. அதிலுள்ள புரத வாயில்கள் வேண்டும்பொழுது மட்டுமே திறக்கின்றன.

தசை, நரம்பு ஆகியவற்றின் உயிரணுக்களில் மின்னழுத்த மாறுதலால் இவ்வாயில்கள் பல திறக்கின்றன. இரத்த வெள்ளணுக்களுள் ஒருவகையான டி-அணுக்களில் நிகழ்வது வேறு. அவற்றின் எண்டோபிளாச வலையில் கால்சியம் சேமிக்கப்பட்டுள்ளது. நோய்க்கிருமியை இனங்கண்டதும் அச்சேமிப்பு செலவாகிறது. அக்குறைவை 'ஸ்டிம்' என்னும் புரதம் உணர்ந்து, புறச்சவ்வை அணுகி, 'ஓராய்' என்னும் வாயிலைத் திறக்கிறது. சேமிப்பு நிரம்பியதும் வாயில் மூடிக்கொள்கிறது. மிகுந்த கால்சியத்தை வேறு புரதங்கள் ஆற்றலைச் செலவிட்டு வெளியேற்றுகின்றன.

ஸ்டிம்மின் இப்பணி 2005-இலும், ஓராயின் பணி 2006-இலும் கண்டறியப்பட்டன. விண்ணுலக வாயில் காப்போராகக் கிரேக்கப் புராணம் கூறுவோரின் பெயரே ஓராய்க்கு இடப்பட்டது.

இவ்வாயில் பழுதுற்றுப் பிறக்கும் குழந்தைகளிடம் டி-அணுக்கள் எண்ணிக்கையிற் குறைவதில்லை. எனினும் அவை கிருமிகளை எதிர்த்துச் செயற்படுவதில்லை. எளிய தொற்றும் அக்குழந்தைகளின் உயிருக்கு இடராகும். வாயில் மூடாமை மட்டுமன்றி, திறவாமையும் கேடே என்பதை மாணவர்க்கு இவ்வெடுத்துக்காட்டால் விளக்கலாம்.