பயிருக்கு முறை உண்டு, படிப்புக்கும் முறை உண்டு

(உயர்தர உயிரியல் பிரிவு மாணவருக்கும் அவர்களது பெற்றோருக்கும்)

ஆவணி மாதத்துப் பின்னேரம். சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசுகிறது. தகரக் கொட்டிலின் முன்னால் தகப்பனும் மகளும் இருந்து கதைக்கிறார்கள்.

"பிள்ளை, காலபோகத்துக்கு இரண்டு ஏக்கர் குத்தகைக்குத் தரலாம் எண்டு சொல்லுகினம். ஆள் பிடிக்கக் காசில்லை. நீயும் தம்பியும் நிண்டால் சமாளிக்கலாம்."

"அப்பா, சோதினை கார்த்திகையில வருகுது. விதைப்பு ஐப்பசியில. நான் என்ன செய்ய?"

தகப்பன் பதில் சொல்லவில்லை. மகளும் மேற்கொண்டு கேட்கவில்லை.

இந்தப் பேச்சு ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. சொந்தக் காணியை விட்டு வந்து, பிறர் நிலத்தில் பயிர் செய்தும் கூலிக்குப் போயும் வாழும் பல குடும்பங்களில், மருத்துவபீடத்துக்குப் போக விரும்பும் பிள்ளை ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு மூளை குறைவல்ல. குறைவாக இருப்பது நேரமும் அமைதியான இடமும்தான். இவ்விரண்டையும் குடும்பமாக இருந்து எப்படித் திட்டமிடலாம் என்பதே இப்பாடம்.

1. எதற்காக ஓடுகிறோம் என்பதை அறிதல்

நமது நாட்டில் மருத்துவபீடத்துக்கென்று தனியான நுழைவுப் பரீட்சை இல்லை. க.பொ.த. உயர்தரப் பரீட்சையே அந்த வாசல். உயிரியல், இரசாயனவியல், பெளதிகவியல் ஆகிய மூன்று பாடங்களுக்கும் தோற்ற வேண்டும். 2000ஆம் ஆண்டுக்கு முன்னர் தாவரவியல், விலங்கியல் என்று பிரித்து நான்கு பாடங்கள் இருந்தன. ஆகவே மாமாவோ மாமியோ தங்கள் காலத்துக் கணக்கைச் சொன்னால் குழம்ப வேண்டாம். மூன்று பாடங்களோடு பொது அறிவை அளக்கும் ஒரு தாளும் உண்டு. அதில் குறைந்தது 30 புள்ளி பெறாதவர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

2001 தொடக்கம் அனுமதி இசட் புள்ளியின்படி நடைபெறுகிறது. ஒரு பாடத்தில் எல்லோரும் எடுத்த புள்ளிகளின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரம் மேலே நிற்கிறீர்கள் என்பதையே அது அளக்கிறது. பெற்ற புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, வரும் எண்ணை நியம விலகலால் வகுக்க வேண்டும்.

விளக்கத்துக்காக ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். மூன்று பாடங்களுக்கும் நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். உயிரியலில் சராசரி 45, மாணவி எடுத்தது 75. இசட் புள்ளி 2. இரசாயனவியலில் சராசரி 45, எடுத்தது 60. இசட் புள்ளி 1. பெளதிகவியலில் சராசரி 40, எடுத்ததும் 40. இசட் புள்ளி 0. மூன்றினதும் சராசரி 1 ஆகும்.

எந்தப் பாடத்தில் 15 புள்ளி கூடினாலும் இறுதிப் பெறுபேறு ஒரே அளவாகவே உயரும். உயிரியலில் 75ஐ 90 ஆக்குவது இலகுவா, பெளதிகவியலில் 40ஐ 55 ஆக்குவது இலகுவா? நமது பிள்ளைகள் விருப்பமான பாடத்தையே மறுபடி மறுபடி வாசிக்கிறார்கள். விளைந்த வயலுக்கே தண்ணீரைக் கட்டி, வாடும் வயலைப் பார்க்காமல் இருப்பது போன்றது அது.

மாவட்டக் கணக்கும் உண்டு. அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகிறது. எனவே மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி மாறும். பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலைகளில் படித்தது என்பதும் அங்கே பார்க்கப்படுவதால், இடம்மாறி வந்த குடும்பங்கள் பாடசாலை விடுகைப் பத்திரங்களைக் கவனமாக வைத்திருத்தல் அவசியம்.

2. குடும்பக் கலண்டரும் பாடக் கலண்டரும்

2024, 2025 ஆகிய ஆண்டுகளில் உயர்தரப் பரீட்சை நவம்பர் மாதத்தில் தொடங்கியது. ஆவணி நடுப்பகுதியிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 12 கிழமைகள். சிறுபோகம் முடியும் நேரத்தில் ஆரம்பித்து, காலபோக விதைப்போடு முட்டி நிற்கும் காலம் இது. எனவே பிள்ளை மட்டும் தனியாக இருந்து அட்டவணை போட்டால் அது நிலைக்காது. ஒரு கலண்டரைச் சுவரில் தொங்கவிட்டு, எல்லோரும் கூடியிருந்து முதலில் குடும்ப வேலைகளைக் குறியுங்கள். விதைப்பு நாட்கள், கூலிக்குப் போகும் நாட்கள், நிவாரணம் எடுக்கும் நாள், கோயில் திருவிழா ஆகியவற்றைக் குறித்த பின்னர் மிஞ்சும் நாட்களே உண்மையான படிப்பு நாட்கள்.

பன்னிரண்டு கிழமைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் 4 கிழமைகள்: பலவீனமான அலகுகள். பாடத்திட்டத்தை எடுத்து ஒவ்வோர் அலகுக்கும் எதிரே "தெரியும்", "அரைகுறை", "தெரியாது" என்று எழுதுங்கள். பெளதிகவியலில் பொறியியலும் மின்னோட்டமும், இரசாயனவியலில் சமநிலையும் சேதன இரசாயனமும், உயிரியலில் பிறப்புரிமையியலும் பலருக்குத் தடக்குப்படும் இடங்கள். "அரைகுறை" என்று எழுதியவற்றிலிருந்து தொடங்குங்கள். அவையே விரைவாகப் பலன் தரும்.

அடுத்த 5 கிழமைகள்: கடந்தகால வினாத்தாள்கள். அலகு அலகாக வினாக்களைப் பிரித்துச் செய்து, பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளியிடும் திட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். பிழைத்த வினாக்களுக்கென்று ஒரு கொப்பி வேண்டும்.

கடைசி 3 கிழமைகள்: நேரம் வைத்து முழுத் தாள்கள் செய்தலும், பிழைக் கொப்பியை மீட்டலும். இக்காலத்தில் புதிய புத்தகம் எதையும் தொடக்கூடாது.

இன்னொன்றையும் மனதில் வைத்திருங்கள். 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 பெப்ரவரியிலேயே நடந்தது. 2025 நவம்பரில் தொடங்கிய பரீட்சை புயல், வெள்ளத்தால் இடையில் நின்று, மிகுதித் தாள்கள் 2026 ஜனவரியில் நடைபெற்றன. திகதி மாறலாம். மாறினால் அட்டவணையைக் கிழித்து எறியாமல், கடைசி மூன்று கிழமைகளின் வேலையையே திரும்பவும் செய்யுங்கள்.

3. ஒரு நாள் எப்படிப் போகும்

விடுமுறை நாள் ஒன்றுக்கு ஒரு மாதிரி அட்டவணை தருகிறோம். வீட்டுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

விடிய 4.30 – 6.30: மிகக் கடினமான பாடம், குறிப்பாகக் கணக்குகள்
6.30 – 8.30: தண்ணீர் அள்ளுதல், வீட்டு வேலை, காலைச் சாப்பாடு
8.30 – 11.30: இரண்டாவது பாடம்
11.30 – 2.30: சமையலுக்கு உதவி, சாப்பாடு, ஓய்வு
2.30 – 4.30: மூன்றாவது பாடம்
4.30 – 7.00: வெளி வேலை, விளையாட்டு, குளிப்பு
7.00 – 8.30: அன்று படித்ததை மீட்டல், 20 நிமிடம் ஆங்கிலம்
9.00: நித்திரை

மொத்தம் 8½ மணித்தியாலம். 50 நிமிடப் படிப்புக்கு 10 நிமிட ஓய்வு என்று கழித்தால் ஏழு மணித்தியாலம் மிஞ்சும். ஒழுங்காகச் செய்தால் அது போதும். நித்திரையைக் குறைத்துப் படிப்பதில் இலாபம் இல்லை. படித்தது மனதில் பதிவதற்கு நித்திரை வேண்டும்.

ஆங்கிலம் எதற்கு? பரீட்சையைத் தமிழில் எழுதலாம். ஆனால் மருத்துவபீடத்தில் கற்பித்தல் ஆங்கிலத்திலேயே நடைபெறும். இன்றே சிறிது சிறிதாகத் தொடங்குவது நல்லது.

ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் இருக்கும் வீட்டில் இடம் எங்கே என்று கேட்பீர்கள். காலையில் பாடசாலை வகுப்பறை ஒன்றைத் திறந்துதர அதிபரிடம் பெற்றோர் சேர்ந்து கேட்கலாம். பிரதேச சபை நூலகம் அருகில் இருந்தால் அங்கே போகலாம். மூன்று நான்கு பிள்ளைகள் ஒரு வீட்டு விறாந்தையில் கூடிப் படித்தால், ஒரு விளக்கும் ஒரு தொலைபேசியும் எல்லோருக்கும் உதவும். கடந்தகால வினாத்தாள்களையும் தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்களையும் தொலைபேசியில் இறக்கி வைத்தால் ரியூட்டரிக் காசு மிஞ்சும்.

4. மறவாமல் இருக்க முறை வைத்தல்

வெங்காயத் தோட்டத்துக்கு ஒரே நாளில் ஒரு மாதத் தண்ணீரையும் இறைக்கும் கமக்காரன் உண்டா? முறை வைத்தே இறைப்பான். படிப்பும் அப்படியே. இன்று படித்ததை நாளைக்கு ஒரு தடவை, ஒரு கிழமையில் ஒரு தடவை, ஒரு மாதத்தில் ஒரு தடவை மீட்க வேண்டும்.

மீட்டல் என்பது திரும்ப வாசித்தல் அல்ல. புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளில் எழுதிப் பார்ப்பதே மீட்டல். இதயத்தின் படத்தை நினைவிலிருந்து வரைந்து பெயரிடுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து விடுபட்டதைச் சிவப்புப் பேனையால் எழுதுங்கள். தாள் இல்லாவிட்டால் நிலத்தில் தடியால் வரைந்தாலும் சரி. தாயையோ தம்பியையோ இருத்திவைத்துப் படித்ததைச் சொல்லிக் காட்டுவதும் நல்ல முறை. கேட்பவருக்கு விளங்காத இடம் பெரும்பாலும் சொல்பவருக்கும் விளங்காத இடமே.

5. பரீட்சைத் தாளை அறிதல்

மூன்று பாடங்களிலும் முதலாம் தாள் 50 பல்தேர்வு வினாக்கள், 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை. ஆகவே ஒன்றையும் வெறுமையாக விட வேண்டாம்.

இரண்டாம் தாள் 3 மணித்தியாலம். நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்களும் நான்கு கட்டுரை வினாக்களும், மொத்தம் எட்டு. சராசரியாக 20 நிமிடம் வீதம் 160 நிமிடம் போக, 20 நிமிடம் கையிருப்பு. கட்டுரை வினாக்களுக்கு அந்தக் கையிருப்பில் சிறிது செலவிடலாம். ஆறு வினாக்களை அழகாக எழுதி இரண்டைத் தொடாமல் விட்டு வருபவர்களே அதிகம் கவலைப்படுகிறார்கள். வீட்டில் மணிக்கூட்டை முன்னால் வைத்துப் பழகாமல் மண்டபத்தில் நேரம் பிடிபடாது.

6. பெற்றோர் செய்ய வேண்டியவை

பெண்பிள்ளை என்பதற்காகத் தண்ணீரும் சமையலும் அவளது தலையில் மட்டும் விழுந்தால், மேலே சொன்ன அட்டவணை ஒரு நாளும் நடவாது. பரீட்சை முடியும்வரை அண்ணனும் தம்பியும் பங்கெடுக்கட்டும்.

இடம்பெயர்ந்த பிள்ளைகள் சிலருக்குப் புத்தகத்தை விரித்தாலும் மனம் நிற்காது. கண்டதும் இழந்ததும் முன்னால் வரும். "சோம்பேறி" என்று ஏசாதீர்கள். 20 நிமிடம் படிக்க விட்டு, பின் எழுந்து நடக்க விடுங்கள். நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரோடு கதைக்கச் செய்யுங்கள். நித்திரையின்மை தொடர்ந்தால் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரணதரப் பெறுபேற்றுச் சான்றிதழ், விடுகைப் பத்திரம், பரீட்சை அனுமதி அட்டை ஆகியவற்றை ஒரு பொலித்தீன் பையில் இட்டு, அவசரத்தில் எடுத்தோடக்கூடிய இடத்தில் வையுங்கள். தொலைந்திருந்தால் பரீட்சைக்கு முதல்நாள்வரை காத்திராமல் இன்றே பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.

7. கிடைக்காவிட்டால்?

இதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. நன்றாகப் படித்தவர்களிலும் பெரும்பாலானோருக்கு மருத்துவபீடம் கிடைப்பதில்லை. மூன்று தடவை தோற்றலாம். ஆனால் மூன்றாம் தடவைவரை வீட்டின் முழுப் பொருளையும் பணயம் வைக்க வேண்டுமா என்பதைக் குடும்பம் முன்கூட்டியே பேசித் தீர்மானிக்க வேண்டும்.

இதே மூன்று பாடங்களோடு வேறு வாசல்களும் உண்டு: பல் மருத்துவம், பேராதனையில் மிருக வைத்தியம், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம், தாதியியல், மருந்தாளர் கற்கை, ஆய்வுகூடத் தொழில்நுட்பம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயபீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. கமக்காரப் பிள்ளை அங்கு போவது தோல்வியென்று யாரும் சொல்ல முடியாது. விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை ஒழுங்குபடுத்தும்போது இவற்றையும் சிந்தித்து எழுதுங்கள்.

நிறைவாக

தொடக்கத்தில் கண்ட தகப்பனும் மகளும் என்ன செய்யலாம்? இரண்டு ஏக்கருக்குப் பதிலாக ஒரு ஏக்கர் எடுக்கலாம். அயல் வீட்டாரோடு ஆளுக்கு ஆள் மாறி விதைப்பு வேலை செய்யலாம். மகள் அந்த இரண்டு கிழமைகளில் நான்கு அரைநாள் மட்டும் வயலுக்கு வரலாம். அந்த நாட்களில் விடியப் படிப்பை மட்டும் விடாமல் வைத்திருக்கலாம். ஒரு ஏக்கர் நெல் குறைவது சின்ன விடயமல்ல. அதை அறிந்தே, கணக்குப் பார்த்தே, அந்த வீடு தீர்மானிக்க வேண்டும். மகளும் அந்த ஒரு ஏக்கரின் பெறுமதியை அறிந்து படிப்பாள்.

கூடியிருந்து கதைக்க

1. உங்கள் வீட்டில் அடுத்த 12 கிழமைகளில் பிள்ளையின் உதவி கட்டாயம் தேவைப்படும் நாட்கள் எவை? அவற்றில் எவற்றை வேறொருவர் பொறுப்பெடுக்கலாம்?
2. உங்கள் ஊரில் பிள்ளைகள் கூடிப் படிக்க இரவில் வெளிச்சம் உள்ள இடம் எது? அதை யாரிடம் கேட்க வேண்டும்?
3. பிள்ளைக்கு மிகப் பலவீனமான பாடம் எது? அதைக் கற்பிக்கக்கூடிய ஆசிரியரோ பல்கலைக்கழக மாணவரோ அயலில் இருக்கிறாரா?
4. குடும்பத்தின் ஆவணங்கள் எல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன?