வீட்டில் கூடு கட்டும் அடைக்கலங்குருவி

சிட்டுக்குருவிக்கு அடைக்கலங்குருவி என்றும் பெயர் உண்டு. மனிதன் குடியிருக்கும் இடத்தை ஒட்டியே இது வாழ்கிறது. கூரை இறவாணம், ஓட்டு இடுக்கு, சுவர்ப் பொந்து ஆகியவற்றில் வைக்கோலும் இறகும் சேர்த்துக் கூடு கட்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகிய பின், மண்ணூர் போன்ற கிராமங்களிலும் கூரை வீடும் ஓட்டு வீடும் குறைந்து, தளம் போட்ட வீடுகள் எழும்புகின்றன. பூசிய சுவரில் குருவி நுழைய இடுக்கு ஏது?

நன்மையா, தீமையா?

காயவைத்த நெல்லைக் கொத்துகிறது, வீட்டில் குப்பை போடுகிறது என்று சிலர் கூட்டைக் கலைத்துவிடுகிறார்கள். குருவி தானியம் தின்பது உண்மைதான். ஆனால் இளங்குஞ்சுகளுக்குத் தாயும் தந்தையும் ஊட்டுவது பெரும்பாலும் புழு பூச்சிகளையே. அவற்றை நம் தோட்டத்திலும் வயலிலும் பிடித்து வருகின்றன. 1958இல் சீனாவில் தானியம் தின்கின்றன என்று சிட்டுகளைக் கூட்டம் கூட்டமாக அழித்தார்கள். பயிர்ப்பூச்சிகள் பெருகின. 1960இல் ஒழிப்புப் பட்டியலிலிருந்து சிட்டை நீக்கி, மூட்டைப்பூச்சியைச் சேர்க்க நேர்ந்தது. ஆகவே காயும் நெல்லுக்கு வலை போடுங்கள், கூட்டைக் கலைக்காதீர்கள்.

கூட்டுப்பெட்டி வைக்கும் முறை

15 செ.மீ. சதுர அடிப்பலகையும் சுமார் 20 செ.மீ. உயரமும் உள்ள மரப்பெட்டி போதும். முன்பக்கத்தின் மேற்பகுதியில் 32 மி.மீ. குறுக்களவில் துளை இடவும். துளை பெரிதானால் மைனா புகுந்துவிடும். துளைக்கு முன்னால் குச்சி வைக்க வேண்டாம். பகைப் பறவைகள் அமர அது உதவும். எட்டு முதல் பத்து அடி உயரத்தில், நேர் வெயிலும் சாரலும் படாத இடத்தில், பூனை எட்டாதவாறு பொருத்தவும். மின்விசிறிக்கு அருகில் வைக்கக் கூடாது. ஆழமில்லாத மண் தட்டில் தினமும் புதுத் தண்ணீர் ஊற்றி வைப்பதும் நல்லது.

ஒரு மாதம் பொறுங்கள்

ஓர் ஈட்டில் சாதாரணமாக 3 முதல் 5 முட்டைகள் இடும். அடைகாப்பு 11 முதல் 14 நாட்கள். பொரித்த குஞ்சு இரண்டு வாரமளவில் பறந்துவிடும். இந்த ஒரு மாதமும் பெட்டியைத் திறந்து பார்க்கவோ, அருகில் பூச்சிமருந்து தெளிக்கவோ கூடாது. மருந்து கலந்து நேர்த்தி செய்த விதையை முற்றத்தில் சிந்த விடாதீர்கள். குஞ்சுகள் பறந்த பின் பழைய கூட்டை அகற்றிப் பெட்டியைச் சுத்தம் செய்யலாம்.

மோட்டார் ஸ்டார்ட்டர், மீட்டர் பெட்டிகளின் இடுக்குகளைக் குருவி வருமுன்பே அடைத்து வையுங்கள். முட்டையிட்ட பின் கண்டால் என்ன செய்வது? 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்குச் சுவிட்சுப் பெட்டியில் ஒரு சிறு பறவை முட்டையிட்டது. ஊரார் ஒரு மாதத்திற்கு மேல் தெருவிளக்கு எரிக்காமல் இருட்டில் நடந்தார்கள். குஞ்சுகள் பறந்த பின்னரே விளக்கு எரிந்தது.

நாம் அவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. வீட்டு முகப்பில் ஒரு பெட்டி மாட்டினால், அடைக்கலம் தேடி வரும் குருவிக்கு இடம் கிடைக்கும். தோட்டத்துப் புழுக்களைப் பொறுக்க ஆளும் கிடைக்கும்.